மந்தாரை பூக்கும் மாதங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாசி பிறந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே மரத்தைப் பற்றியவை. காகிதத்தில் மடித்து வைத்த பூக்களும் புத்தகத்துக்குள் அழுத்திக் காயவைத்த இலைகளும் அவற்றோடு வந்தன. இலங்கை மலையகத்தின் சாலையோரங்களிலும் கோயில் வளவுகளிலும் இப்போது பூத்திருக்கும் மந்தாரையே அந்த மரம் என்பதால், இம்முறை முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு அருகில் நிற்கும் மரம் தைப்பொங்கலுக்குப் பின் இலைகளை உதிர்த்துவிட்டு, மாசியிலும் பங்குனியிலும் கிளை முழுவதும் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பெரிய பூக்களாக நிற்கிறது. எங்கள் வீட்டில் மந்தாரை என்கிறார்கள். சிங்கள அயலவர்கள் கோபோலீலா என்கிறார்கள். பூங்கன்று விற்பவர் ஓர்க்கிட் மரம் என்றார். இலையும் பூவும் அனுப்பியிருக்கிறேன். இது உண்மையில் என்ன மரம்? (வாசகி, அட்டன்)

பதில்: மூவர் சொன்னதும் சரிதான். ஆனால் அந்த மூன்று பெயர்களும் நெருங்கிய உறவுடைய இரண்டு மரங்களுக்குப் பொதுவாக வழங்குவதால், உங்களுடையது அவற்றுள் எது என்பதைப் பூவை விரித்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் அனுப்பியதை அப்படி விரித்துப் பார்த்தோம். அது பௌகினியா வேரிகேட்டா என்னும் தாவரவியற் பெயருடைய மந்தாரை. இந்தியாவின் இமயமலை அடிவாரத்திலிருந்து தென்சீனம் வரை இயற்கையாக வளரும் இம்மரம், அழகுக்காக வெப்ப நாடுகள் பலவற்றிலும் நடப்பட்டிருக்கிறது. மலையகத்தில் இப்போது நிற்பவையும் நட்டு வளர்க்கப்பட்டவையே.

இதனோடு பெரும்பாலும் குழப்பிக்கொள்ளப்படும் மற்றைய மரம் பௌகினியா பர்பூரியா. இரண்டின் இலையும் நுனியில் பிளந்து மாட்டின் குளம்பைப் போலவே இருப்பதால், இலையை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்வது ஆபத்து. உங்கள் மரத்தின் இலை சற்று அகலமானது. பிளவு ஆழமாக இறங்காமல் இலையின் கால்வாசி அல்லது மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது. பர்பூரியாவில் அது பெரும்பாலும் பாதியை நெருங்கும். ஆயினும் ஒரே மரத்தில் இளங்கிளையின் இலையும் முதிர்ந்த கிளையின் இலையும் மாறுபடும் என்பதால், இதை ஒரு துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

உறுதியான சான்று பூவின் நடுவில் இருக்கிறது. காலையில் புதிதாக விரிந்த ஒரு பூவைக் கையில் எடுத்து, நடுவிலிருந்து வளைந்து மேலெழும் கேசரங்களில் நுனியில் மகரந்தக்கூடு தாங்கியவற்றை மட்டும் எண்ணுங்கள். வேரிகேட்டாவில் ஐந்து இருக்கும். எப்போதாவது ஆறும் இருக்கலாம். பர்பூரியாவில் மூன்று, அரிதாக நான்கு. மகரந்தக்கூடு இல்லாத சிறு நார்களும் சில சமயம் அடியில் தென்படும். அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடுத்ததாக இதழ்களைப் பாருங்கள். வேரிகேட்டாவின் இதழ்கள் அகன்றவை, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை. ஐந்து இதழ்களுள் மேலே நிமிர்ந்து நிற்கும் ஒன்றில் மட்டும் கடும் ஊதா நிறக் கோடுகள் பரவியிருக்கும். பர்பூரியாவின் இதழ்கள் ஒடுங்கி நீண்டவை, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்பவை.

இவ்விரண்டையும் விட எளிதான சான்று ஒன்று உண்டு. நீங்களே அதை எழுதியும் இருக்கிறீர்கள். இலையை உதிர்த்துவிட்டு மாசி, பங்குனியில் பூப்பது வேரிகேட்டாவின் இயல்பு. பர்பூரியா இலைகளோடு நிற்கும்போதே, பெரும்பாலும் செப்ரெம்பர் முதல் நவம்பர் வரையான காலத்தில் பூக்கும். ஆகவே தீபாவளியை ஒட்டிப் பூக்கும் மந்தாரையும் சிவராத்திரியை ஒட்டிப் பூக்கும் மந்தாரையும் ஒன்றல்ல என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், பதுளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை ஜனவரி வரை நீடிக்கும் ஆண்டுகளில் வேரிகேட்டாவின் இலைகளும் முழுமையாக உதிராமல், இலையும் பூவும் கலந்து நிற்பதுண்டு. அப்போது கேசரங்களை எண்ணுவதே தீர்வு.

கேள்வி: கண்டியில் ஒரு நாற்றுப்பண்ணையில் ஹொங்கொங் ஓர்க்கிட் மரம் என்று சொல்லி, அதிக விலைக்கு ஒரு கன்றைக் கொடுத்தார்கள். நன்றாக வளர்ந்து இவ்வாண்டு பூத்தது. இப்போது நீண்ட பச்சைக் காய்கள் தொங்குகின்றன. என்னிடம் இருப்பது அந்த மரம்தானா? (வாசகர், கண்டி)

பதில்: காய்கள் தொங்குகின்றன என்ற ஒரு வரியே போதும். அது ஹொங்கொங் மரமல்ல. அந்த மரம் காய்ப்பதில்லை.

பௌகினியா பிளேக்கியானா என்னும் அந்த மரம், மேலே சொன்ன வேரிகேட்டாவும் பர்பூரியாவும் தற்செயலாகக் கலந்து பிறந்த கலப்பினம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஹொங்கொங் தீவின் கரையோரத்தில் பாழடைந்த ஒரு வீட்டின் அருகே நின்ற ஒற்றை மரத்தைப் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமார் கண்டு, அதன் துண்டங்களை எடுத்து வளர்த்தனர். 1908இல் அதற்குத் தாவரவியற் பெயர் சூட்டப்பட்டபோது, முன்னர் அங்கே ஆளுநராக இருந்த சர் ஹென்றி பிளேக்கின் பெயர் வைக்கப்பட்டது. 1898 முதல் 1903 வரை ஹொங்கொங்கை ஆண்ட அதே பிளேக்தான் 1903 முதல் 1907 வரை இலங்கையின் ஆளுநராகவும் இருந்தவர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். 1965இல் அப்பூ ஹொங்கொங்கின் அடையாள மலராக ஏற்கப்பட்டது. 1997 முதல் அதன் கொடியிலும் இடம்பெற்றிருக்கிறது.

கலப்பினமாதலால் அம்மரத்தில் விதை பிடிப்பதில்லை. உலகில் எங்கே நின்றாலும், அது அந்த ஒற்றை மரத்திலிருந்து துண்டமாகவோ பதியமாகவோ ஒட்டாகவோ வந்ததாகவே இருக்க வேண்டும். விதையிலிருந்து முளைத்த ஹொங்கொங் கன்று என்று ஒருவர் சொன்னால் அது அந்த மரமாக இருக்க முடியாது. உங்கள் மரம் இலையற்று நின்றபோது பூத்ததென்றால் அது வேரிகேட்டாதான். விலையை நினைத்து வருந்தலாமே தவிர, மரத்தை நினைத்து வருந்தவேண்டியதில்லை. கண்டியின் உயரத்துக்கும் வெயிலுக்கும் அது மிகவும் பொருந்தும், விதையும் தரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மந்தாரைக் கன்று வாங்க நினைப்பவர்கள் சீட்டில் எழுதிய பெயரை நம்பி வாங்க வேண்டாம். உங்கள் ஊரில், உங்கள் உயரத்தில், நீங்கள் விரும்பும் மாதத்தில் பூத்து நிற்கும் ஒரு மரத்தை முதலில் தேடிப் பார்த்து, அதன் விதையைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பண்ணையாலும் அதற்கு ஈடான உத்தரவாதத்தைத் தர முடியாது.

கேள்வி: பதுளை வீதியில் வேலியோரங்களில் இலையில்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்பதும் மந்தாரைதானா? நகரத்தில் உள்ள பெரிய மரங்களும் அதே நிறத்தில் பூக்கின்றனவே? (மாணவர், பதுளை)

பதில்: இரண்டும் அல்ல. வேலியில் நிற்பது கிளிரிசிடியா, அதாவது சீமைக்கிளுவை. அதன் பூ அவரைப் பூவின் வடிவில் மிகச் சிறியதாக, கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக இருக்கும். இலை வரும்போது பாருங்கள். ஒரே காம்பில் இருபுறமும் பல சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். நகரத்தில் நிற்பது பெரும்பாலும் ரொபரோசியா. அதன் பூவின் இதழ்கள் அடியில் ஒன்றாக இணைந்து குழலாக இருக்கும். இலை ஐந்து விரல்களாகப் பிரிந்திருக்கும். மந்தாரையில் இதழ்கள் ஐந்தும் தனித்தனியே கழன்று வரும், இலை பிளந்த ஒற்றை இலையாக இருக்கும். கீழே விழுந்து கிடக்கும் ஒரு பூவை எடுத்துப் பார்த்தாலே மூன்றையும் பிரித்தறிந்துவிடலாம்.

கேள்வி: எங்கள் பாடசாலைக்கு அருகில் உள்ள மந்தாரையிலிருந்து விதை எடுத்துக் கன்றுகள் உண்டாக்க விரும்புகிறோம். சென்ற ஆண்டு கீழே விழுந்த காய்களில் விதையே இருக்கவில்லை. எப்போது, எப்படி எடுப்பது? (ஆசிரியை, பண்டாரவளை)

பதில்: கீழே கிடந்த காய்களில் விதை இல்லாததற்குக் காரணம் அவை வெடித்து முடித்தவை என்பதே. மந்தாரையின் காய் தட்டையாக, ஏறக்குறைய 15 முதல் 25 சென்ரிமீற்றர் நீளத்தில் இருக்கும். பூத்த பின் இரண்டு, மூன்று மாதங்களில் முற்றிப் பழுப்பு நிறமாகி, நல்ல வெயிலில் காயும்போது அதன் இரண்டு பாதிகளும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டு படீரெனப் பிளந்து விதைகளைத் தூர எறிந்துவிடும். நண்பகலில் மரத்தடியில் நின்றால் அந்தச் சத்தத்தைக் கேட்கலாம். ஆகவே காய் பழுப்பாகி, ஆனால் இன்னும் வாய் திறவாதிருக்கும் நிலையில் காம்போடு வெட்டியெடுத்து, ஒரு துணிப்பையிலோ சாக்கிலோ போட்டு வாயைக் கட்டி, வெயில் படும் விறாந்தையில் வையுங்கள். பைக்குள்ளேயே வெடித்து விதைகள் சேர்ந்திருக்கும். தட்டையாக, வட்டமாக, பழுப்பு நிறத்தில், பூச்சித் துளை இல்லாதிருப்பவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்விதைக்கு வெந்நீர்ச் சிகிச்சையோ தோலைத் தேய்ப்பதோ தேவையில்லை. ஓர் இரவு சாதாரண நீரில் ஊறவிட்டால் போதும். கூடியவரை அவ்வாண்டின் விதையையே பயன்படுத்துங்கள். நாட்பட்ட விதையின் முளைதிறன் குறைந்துவிடும். இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய கூட்டெரு ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையிட்ட பொலித்தீன் பைகளில் நிரப்பி, விதையை ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் வையுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முளைவிடும். குளிரான இடங்களில் சற்றுத் தாமதமாகலாம்.

பையின் அளவில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. மந்தாரை முளைத்தவுடன் ஆணிவேரை ஆழமாக இறக்கும் மரம். சிறிய பையில் அதிக காலம் வைத்தால் வேர் அடியில் சுருண்டுவிடும். பின்னர் நிலத்தில் நட்டாலும் அந்தச் சுருள் நேராவதில்லை. காற்று வீசும்போது சாய்ந்துவிழும் மரங்களில் பல இப்படி வளர்ந்தவையே. எனவே குறைந்தது 25 சென்ரிமீற்றர் ஆழமுள்ள பைகளைத் தெரிவுசெய்து, கன்று முழங்கால் உயரத்தை எட்டியதும் நட்டுவிடுங்கள். ஊவாப் பகுதியில் ஜூன் முதல் செப்ரெம்பர் வரை வறட்சியும் கச்சான் காற்றும் இருப்பதால், மே, ஜூனில் எடுத்த விதையை உடனே பையில் இட்டு, அந்த மாதங்களில் நிழலில் நீரூற்றிக் காத்து, ஒக்ரோபர் மழை தொடங்கியதும் நிலத்தில் வைப்பது உங்களுக்கு ஏற்ற முறை. அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதியினர் கன்றை அடுத்த ஏப்ரல் வரை வைத்திருக்க நேர்ந்தால் பெரிய பைக்கு மாற்றிக்கொண்டு, சித்திரை மழையில் நடலாம். தென்மேற் பருவமழை கொட்டத் தொடங்கிய பின் நட்டால் சரிவுகளில் குழி முழுவதும் நீர் நின்று வேர் அழுகிவிடும்.

விதைக் கன்று நல்ல பராமரிப்பில் இரண்டாவது முதல் நான்காவது ஆண்டுக்குள் முதற் பூவைக் காட்டும். பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் காலத்திலேயே தாங்கள் விதைத்த மரத்தில் பூவைப் பார்க்கலாம் என்பதால், பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான மரம் எமக்குத் தோன்றவில்லை.

கேள்வி: தோட்டத்துத் தொடர் வீடான லயத்திலிருந்து புதிய தனி வீட்டுக்கு வந்திருக்கிறோம். காணி 7 பேர்ச். முன்வாசலில் ஒரு மந்தாரை வைக்க வேண்டுமென்று அம்மா ஆசைப்படுகிறார். சுவரை வேர் பிளந்துவிடும் என்று அயலவர் பயமுறுத்துகிறார்கள். (வாசகர், தலவாக்கலை)

பதில்: அம்மாவின் விருப்பம் நிறைவேறத் தடையேதும் இல்லை. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். அதில் வீடு போக மீதமாகும் நிலத்துக்கு மா, பலா போன்றவற்றை விட மந்தாரை எவ்வளவோ அடக்கமான மரம். தாழ்ந்த, வெப்பமான இடங்களில் 10 மீற்றர் வரையும் உயரலாம் என்றாலும், உங்கள் உயரத்தில் பெரும்பாலும் அதற்குக் குறைவாகவே நிற்கும். கவ்வாத்துச் செய்து இன்னும் தாழ்வாகவும் வைத்திருக்கலாம். ஆல், அரசு போலச் சுவரைத் தேடிச் சென்று பிளக்கும் வேர் இதற்கு இல்லை. இருப்பினும் சுவரிலிருந்து 4 மீற்றராவது தள்ளி நடுங்கள். கழிவறைக் குழியையும் நீர்க்குழாயையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் நடுமுன்னரே நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீடு கட்டுவதற்காக மண்ணை வெட்டிச் சமப்படுத்திய நிலமாக இருந்தால், மேலே தெரிவது சத்தற்ற அடிமண்ணாக இருக்கும். அவ்வாறாயின் 60 சென்ரிமீற்றர் நீள, அகல, ஆழமுள்ள குழி வெட்டி, வெளியே எடுத்த மண்ணோடு பாதிக்குப் பாதி மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் சேர்த்து நிரப்புங்கள். தேயிலை நின்ற மண் புளிப்புத்தன்மை மிகுந்தது. மந்தாரை ஓரளவு புளிப்பைத் தாங்கும் என்றாலும் தேயிலையின் அளவுக்கு அதை விரும்புவதில்லை. ஆகவே குழிக்கு இரண்டு கைப்பிடி டொலமைற், அதாவது புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள், கலந்துகொள்வது நல்லது. வெயில் பாதி நாளாவது நேரடியாக விழும் பக்கமாகப் பார்த்து வையுங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு கம்பு நட்டு, அடியிலிருந்து கிளம்பும் துளிர்களை அகற்றி, தலை உயரம் வரை ஒற்றைத் தண்டாக வளர்த்தால் பின்னர் வாசலுக்கு இடைஞ்சலாக இராது.

கேள்வி: எங்கள் மந்தாரைக்கு எட்டு வயது. செழிப்பாக வளர்ந்திருக்கிறது. இலை மட்டும் கரும்பச்சையாக அடர்ந்து நிற்கிறது. பூ உச்சியில் நான்கைந்தோடு முடிந்துவிடுகிறது. தேயிலைக்குப் பசளை போடும்போது இதற்கும் ஒரு பிடி போடுகிறோம். கார்த்திகையில் கவ்வாத்தும் செய்கிறோம். குளிக்கும் பீலித் தண்ணீரும் அதன் அடியிலேதான் ஓடுகிறது. குறையெதுவும் வைக்கவில்லையே, ஏன் பூக்கவில்லை? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: பூக்காத மந்தாரையைப் பற்றி எழுதும் பெரும்பாலோரின் கடிதங்களில் உள்ள காரணங்கள் எல்லாம் உங்கள் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. மரத்தை நீங்கள் அன்போடு கவனித்திருக்கிறீர்கள். அந்தக் கவனிப்பு தேயிலைக்கு உரிய முறையில் அமைந்துவிட்டது என்பதுதான் பிரச்சினை. தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து. அதற்கென்று வரும் பசளையில் நைதரசன் மிகுதியாக இருப்பது கொழுந்தைத் தள்ளுவதற்காகத்தான். மந்தாரையிலோ நமக்கு வேண்டியது பூ. நைதரசனை ஊட்ட ஊட்ட மரம் இலையையும் கிளையையும் மட்டுமே பெருக்கிக்கொண்டிருக்கும்.

மந்தாரை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயிற்றே, காற்றிலிருந்து நைதரசனைத் தானே எடுத்துக்கொள்ளும்தானே என்று சிலர் கேட்பதுண்டு. அக்குடும்பத்தில் பல மரங்களுக்கு வேர்முடிச்சுகள் உண்டு. மந்தாரைக்கு அவை இல்லை. எனவே இளங்கன்றுக்கு ஆண்டுக்கு இருமுறை கூட்டெரு தேவைதான். ஆனால் எட்டு வயது மரத்துக்கு அதன் சொந்தச் சருகையே அடியில் மக்கவிட்டால் போதும். இவ்வாண்டு முதல் பசளையை முற்றாக நிறுத்துங்கள்.

அடுத்தது கவ்வாத்து. வேரிகேட்டா பூப்பது, முந்திய மழைக்காலத்தில் நீண்டு வளர்ந்து முதிர்ந்த கிளைகளில்தான். இலை உதிர்ந்த அந்தக் கிளைகளின் கணுக்களில் தை, மாசியில் மொட்டுகள் வெளிப்படும். கார்த்திகையில் கத்தியை எடுத்தால், நீங்கள் வெட்டியெறிவது வரப்போகும் பூக்களையே. உச்சியில் மட்டும் நான்கைந்து பூத்ததற்குக் காரணம், கத்தி அங்கே எட்டவில்லை என்பதுதான். கவ்வாத்துக்கு உரிய காலம் பூ முடிந்தவுடன், சித்திரை இறுதிக்குள். அப்போது வெட்டினால் தென்மேல் மழையில் புதுக் கிளைகள் வளர்ந்து, ஆண்டிறுதிக்குள் முதிர்ந்து, அடுத்த பூவுக்கு ஆயத்தமாகிவிடும். தேயிலையைச் சமமட்டமாக அரிவதுபோல இதை ஒரேயடியாக வெட்டக் கூடாது. உலர்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, உள்ளே திரும்பி வளர்பவை ஆகியவற்றை அடியோடு நீக்கி, மிக நீண்டவற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். இரண்டு தடித்த கிளைகள் ஒடுங்கிய கவையாக ஒரே இடத்தில் பிரிந்தால், அவற்றுள் ஒன்றை இளமையிலேயே அகற்றிவிடுங்கள். காற்றுக் காலத்தில் மந்தாரை பிளப்பது அந்தக் கவையில்தான்.

மூன்றாவதும் முக்கியமானதும் பீலித் தண்ணீர். வெப்ப நாட்டில் வாழும் இந்த மரத்துக்குக் குளிரும் வறட்சியும் சேர்ந்து வரும் ஓய்வுக் காலம் ஒன்று தேவை. மலையகத்தின் மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை அந்த ஓய்வு இயற்கையாகவே கிடைக்கிறது. பகலில் வெயில், இரவில் பனி, மண்ணில் ஈரம் குறைவு என்ற அந்த நிலையில் மரம் இலையைக் கைவிட்டுப் பூவுக்குத் திரும்புகிறது. உங்கள் மரத்தின் வேருக்கோ ஆண்டு முழுவதும் நீர் கிடைக்கிறது. இலையை உதிர்க்க அதற்கு அவசியமே ஏற்படவில்லை. மார்கழி பிறந்தவுடன் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அந்த நீரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். பங்குனி கழிந்து பூ முடிந்த பின் விரும்பினால் மீண்டும் விடலாம். மேலே நிழல் மரம் கவிந்திருந்தால் அதன் கிளைகளையும் சற்று விலக்க வேண்டும்.

இவற்றை இவ்வாண்டு செய்தால் அடுத்த மாசியிலேயே மாற்றம் தெரியத் தொடங்கும். மண்ணில் சேர்ந்திருக்கும் பசளை குறைய வேண்டியிருப்பதால், முழுப் பூப்பைக் காண இன்னுமோர் ஆண்டு பொறுத்திருக்க வேண்டி வரலாம்.

கேள்வி: நுவரெலியாவின் குளிரில் மந்தாரை வருமா? (வாசகர், நுவரெலியா)

பதில்: வரும், ஆனால் இடம் பார்த்து நட வேண்டும். இமயச் சரிவில் இம்மரம் ஏறக்குறைய 1,800 மீற்றர் உயரம் வரை காணப்படுகிறது. உங்கள் நகரமும் அந்த எல்லையில்தான் இருக்கிறது. ஆனால் இமயச் சரிவில் கோடையில் கடும் வெப்பம் கிடைக்கும். நுவரெலியாவில் ஆண்டு முழுவதும் மிதமான குளிர். ஆகவே வளர்ச்சி மெதுவாகவே இருக்கும், பூவும் கண்டியில் காண்பதுபோல் அடர்ந்து வராது. ஜனவரி, பெப்ரவரியில் புல்லின் மேல் உறைபனி விழும் இரவுகளில் இளங்கன்றின் நுனி கருகிவிடும். குளிர்காற்று இறங்கித் தங்கும் பள்ளத்தையும் ஏரியை ஒட்டிய தாழ்நிலத்தையும் தவிர்த்து, காலை வெயில் முதலில் படும் சரிவின் நடுப்பகுதியைத் தெரிவுசெய்யுங்கள். முதல் இரண்டு பனிக்காலங்களுக்குக் கன்றைத் தொட்டியிலேயே வைத்து, மாலையில் கூரையடிக்கு நகர்த்திவிடுவது பாதுகாப்பானது. ஏற்கனவே நட்டுவிட்டவர்கள் நான்கு கம்புகள் நட்டு, இலையில் படாதவாறு சாக்கினால் இரவில் மூடி, காலையில் எடுத்துவிடலாம். கருகிய நுனியை உடனே வெட்டாதீர்கள். மார்ச் கடந்து எந்தக் கணு துளிர்க்கிறது என்று பார்த்த பின்னரே அதற்கு மேல் வெட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மஞ்சளாகப் பூக்கும் செடி ஒன்றும் வெள்ளையாகப் பூக்கும் செடி ஒன்றும் உள்ளன. இரண்டுக்கும் மந்தாரையின் இலைதான். உயரம் மட்டும் ஆளுயரத்தைத் தாண்டவில்லை. இவை மரமாக வளருமா? (வாசகி, நாவலப்பிட்டி)

பதில்: வளரா. மஞ்சள் பூ மணி போலக் கவிழ்ந்து, உட்புறம் அடியில் கருஞ்சிவப்புப் பொட்டோடு இருந்தால் அது பௌகினியா டொமென்டோசா. தமிழில் திருவாத்தி, காட்டாத்தி என்றெல்லாம் வழங்குவது. வெள்ளை, பௌகினியா அக்குமினேட்டாவாக இருக்க வேண்டும். பூவில் பத்துக் கேசரங்கள் இருந்தால் ஐயமில்லை. இரண்டும் புதர்கள், ஆண்டில் பல மாதங்கள் விட்டுவிட்டுப் பூப்பவை. மர மந்தாரையான வேரிகேட்டாவிலும் தூய வெள்ளை வகை ஒன்று உண்டு, ஆனால் அதில் கேசரங்கள் ஐந்துதான், அதுவும் இலையுதிர்ந்த கிளையில்தான் பூக்கும். சோழ மன்னர்கள் மாலையாகச் சூடிய ஆத்தியும் இதே இனத்தைச் சேர்ந்த பௌகினியா ரசிமோசா என்னும் மரம். இலங்கையின் வறண்ட தாழ்நிலக் காடுகளில் அது இயற்கையாகவே நிற்கிறது. அதன் பூ சிறியது, வெளிர்மஞ்சள். மலையகத்தின் ஈரத்துக்கு அது ஏற்றதல்ல.

கேள்வி: மந்தாரை இலையை ஆட்டுக்குப் போடலாமா? மொட்டைச் சமைக்கலாம் என்று கேள்விப்பட்டோம், உண்மையா? மாவு போன்ற ஒரு பூச்சியும் கிளைகளில் ஒட்டியிருக்கிறது. (வாசகர், பசறை)

பதில்: இமய அடிவாரத்தில் இதன் இலையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாக வெட்டுவது நெடுங்கால வழக்கம். வட இந்தியாவில் பச்சை மொட்டுகளை அவித்து, நீரை வடித்து, வெங்காயமும் மசாலையும் சேர்த்துக் கறியாக்குவார்கள். சற்றுக் கைப்பும் துவர்ப்பும் இருக்கும். சமைக்கும் முன் மரம் வேரிகேட்டாதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பூச்சிக்கொல்லி தெளித்த மரத்திலிருந்து மொட்டையோ இலையையோ எடுக்காதீர்கள். தீவனத்துக்கு வெட்டுவதாயின் வைகாசி முதல் ஆவணிக்குள் வெட்டுங்கள், அதன் பின் கிளைகளை விட்டுவிடுங்கள்.

நீங்கள் சொல்வது மாவுப்பூச்சி. அதிகம் பரவவில்லையென்றால் பழந்துணியைச் சவர்க்கார நீரில் நனைத்துத் துடைத்தே அகற்றிவிடலாம். பரவியிருந்தால் ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி திரவச் சவர்க்காரமும் கலந்து, மாலையில், வாரம் ஒருமுறை தெளியுங்கள். எறும்புகள் அப்பூச்சியைக் காத்துக் கிளைக்குக் கிளை கொண்டு செல்வதால், தண்டில் ஏறும் எறும்பு வரிசையையும் தடுக்க வேண்டும். பூத்திருக்கும் நாட்களில் மட்டும் எதையும் தெளிக்காதீர்கள். தேனீக்களும் தேன்சிட்டுகளும் அப்போது அந்த மரத்தில்தான் இருக்கும்.